கல்லறைக்குச் சென்ற மகளிரும் கொங்கு நாட்டுக் கதைமரபும்

சிலுவையில் அறையுண்டு இறந்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவ சமயத்தின் நடுநாயகமான நம்பிக்கையாகும். அந்நிகழ்ச்சியைக் கூறும் நற்செய்தி நூல்கள் நான்கும் தம்முள் பல செய்திகளில் வேறுபடுகின்றன. கல்லறைக்கு வந்தோர் எத்துணையர், ஆங்குத் தோன்றிய வானவர் ஒருவரா இருவரா, உயிர்த்தவரை முதலிற் கண்ட இடம் யாது என்னும் வினாக்களுக்கு அவை ஒரே விடை தருவதில்லை. ஆயினும் ஒரு செய்தியில் நான்கும் ஒன்றுபடுகின்றன. வாரத்தின் முதல் நாள் விடியற்காலையில் கல்லறைக்கு முதலிற் சென்றவர் மகளிரே. இயேசு தாமே தேர்ந்தெடுத்த பன்னிருவருள் ஒருவரும் அவ்வேளையில் ஆங்கு இலர்.

அம்மகளிர் எவ்வுரிமையால் அங்குச் சென்றனர், சென்று ஆற்றிய பணி யாது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்குத் துணையாகக் கொங்கு நாட்டுக் கதைமரபை எடுத்துக்கொள்கின்றோம். காரணம் உண்டு. திருப்பூரும், அதனைச் சூழ்ந்த காங்கேயம், தாராபுரம் முதலிய ஊர்களும் இன்று பின்னலாடைக்கும் விசைத்தறிக்கும் பெயர்பெற்றவை. ஆயின் ஆலைகள் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே, இறந்தோர் நடுவே சென்று நின்ற பெண்டிரைப் பற்றிய கதைகளை இந்நிலம் பாடி வந்துள்ளது. அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர் நற்செய்தியின் இப்பகுதியைப் படிக்குங்கால், பழகிய முகம் ஒன்றைக் கண்டாற்போலத் தோன்றும். உற்று நோக்கினால் அம்முகம் வேறு என்பது புலனாகும். அவ்வேறுபாட்டிலேதான் இம்மகளிரின் பணி இன்னதென்பது விளங்குகின்றது என்பது எம் கருத்து.

முதற்கண் நூல்கள் கூறுவனவற்றைக் காண்போம். மாற்கு, மகதலா மரியா, யாக்கோபின் தாய் மரியா, சலோமி என மூவரைக் குறிப்பர். மத்தேயு மகதலா மரியாவையும் மற்றொரு மரியாவையும் மட்டும் கூறுவர். லூக்கா சலோமியைக் கூறாது யோவன்னாவைக் கூறி, வேறு சிலரும் உடன்சென்றனர் என்பர். யோவான் மகதலா மரியா ஒருவரையே பெயர் சுட்டுவர். எனினும் அவ்வம்மையார் பேதுருவிடம் ஓடிவந்து பேசுமிடத்தில் எமக்குத் தெரியவில்லை என்னும் பொருள்படப் பன்மையிற் பேசுதலால், உடன்சென்றோர் இருந்தனர் எனக் கொள்ள இடமுண்டு. பட்டியல்கள் வேறுபடினும் மகதலா மரியாவின் பெயர் நான்கினும் உளது. முதல் மூன்று நூல்களிலும் அப்பெயரே முன்னிற்கின்றது.

இம்மகளிர் கல்லறையருகே திடீரெனத் தோன்றியவர் அல்லர். சிலுவையில் இயேசு உயிர்விட்டபொழுது தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் இவரே என மாற்கும் மத்தேயுவும் உரைப்பர். உடலைப் பாறைக் கல்லறையில் வைத்து வாயிலிற் கல்லைப் புரட்டியபொழுது அதற்கு எதிரே அமர்ந்து, வைத்த இடம் இன்னதென நோக்கியிருந்தவரும் இவருள் இருவரே. மூன்றாவதாக, கல் புரண்டு கிடந்ததையும் உள்ளே உடல் இன்மையையும் கண்டவரும் இவரே. இறப்பு, அடக்கம், வெறுங்கல்லறை என்னும் மூன்றையும் ஒரே கண்கள் தொடர்ந்து கண்டிருத்தல் வேண்டும் என்பது நூலாசிரியர்தம் கருத்து. இறந்தவர் வேறொருவரோ, அடக்கம் செய்த இடம் வேறோ என்னும் ஐயத்துக்கு விடையளிக்கத்தக்க சான்றாளர் இவரையன்றிப் பிறர் இலர். வழக்குமன்றத்திற் சான்று கூறுவோரை நிரல்படுத்தும் முறையிலேயே இப்பெயர்கள் மும்முறையும் எடுத்துக் கூறப்பட்டுள்ளன.

இவர் யார்? லூக்கா தம் நூலின் எட்டாம் அதிகாரத்திலேயே விடை கூறிவிடுகின்றார். கலிலேயாவில் இயேசு ஊர்தோறும் சென்று போதித்த காலத்தில் அவருடன் சென்று, தம் உடைமைகளைக்கொண்டு அவருக்கும் சீடர்க்கும் பணிவிடை செய்த மகளிர் சிலர் இருந்தனர். ஏரோது மன்னனின் அரண்மனை அலுவலராகிய கூசாவின் மனைவி யோவன்னா அவருள் ஒருவர், சூசன்னா மற்றொருவர். மகதலா மரியா, ஏழு பேய்கள் நீங்கப்பெற்றவர் எனச் சுட்டப்படுகின்றார். மகதலா என்பது கலிலேயக் கடற்கரையில் இருந்த மீன்பிடி ஊர். பிற மகளிர் கணவன் பெயராலோ மகன் பெயராலோ அறியப்படுங்கால், இவ்வம்மையார் ஊர்ப்பெயரால் அறியப்படுகின்றார். இன்னார் மகள், இன்னார் மனைவி என்னும் குறிப்பு ஓரிடத்தும் இல்லை.

பிற்காலத்தில் இவ்வம்மையாருக்கு நேர்ந்த ஒரு பழியையும் ஈண்டுக் கூறிவிடுதல் நன்று. லூக்கா ஏழாம் அதிகாரத்திற் பெயர் சுட்டாது கூறப்படும் பாவியாகிய பெண்ணும், பெத்தானியா ஊர் மரியாவும், மகதலா மரியாவும் ஒருவரே எனக் கி.பி. 591-ஆம் ஆண்டளவில் உரோமைத் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் தம் மறையுரை ஒன்றிற் கூறினார். மேலைத் திருச்சபை அதனையே நெடுங்காலம் கொண்டு ஒழுகியது. கீழைத் திருச்சபைகள் கொள்ளவில்லை. நற்செய்தி நூல்களில் இதற்கு ஆதாரம் யாதும் இல்லை. 1969-இல் உரோமை வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பெற்றபொழுது இக்கலப்பு கைவிடப்பட்டது. 2016-இல் சூலை 22-ஆம் நாளாகிய இவர் நினைவு நாள், திருத்தூதர்களின் நாட்களுக்கு ஒப்பான விழாவாக உயர்த்தப்பட்டது. சான்று கூறிய பெண்ணை மனந்திரும்பி அழும் பெண்ணாக மாற்றிவிட்ட இப்பிழை, ஓவியத்தையும் பாடலையும் எவ்வளவு தூரம் ஆட்கொண்டது என்பதனை விரிப்பிற் பெருகும்.

இனி, அவர் சென்ற காரியத்தை நோக்குவோம். வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்கிவிட்டமையால் அடக்கம் விரைவில் முடிந்தது. ஓய்வுநாள் கழிந்ததும், உடலுக்கு நறுமணப் பொருள் பூசுதற்பொருட்டு மகளிர் சென்றனர் என மாற்கும் லூக்காவும் கூறுவர். வெள்ளி, சனி, ஞாயிறு என இருபுறத்து நாளையும் சேர்த்து மூன்றாம் நாள் எனக் கூறுதல் யூதர் வழக்கு. பால் தெளிக்கும் நாளை எண்ணும் நம்மவர்க்கு இது புதிதன்று. ஆகவே, மகளிர் உயிர்ப்பை எதிர்நோக்கிச் சென்றவர் அல்லர். பிணத்துக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்யச் சென்றவர். கல்லை யார் புரட்டித் தருவர் என்பதே வழியில் அவர்தம் கவலையாய் இருந்தது என்று மாற்கு குறிப்பது மிக இயல்பான குறிப்பு. உடலங்கே இருக்கும் என்னும் உறுதி இல்லாதவர் கல்லைப் பற்றிக் கவலைப்படார்.

கொங்கு நாட்டு வாசகர் இவ்விடத்தில் ஒருகணம் தயங்குவர். இங்கு இழவு வீட்டில் ஒப்பாரி வைத்து அழுதல் பெண்டிர்க்கு உரியது. இடுகாட்டுக்குச் செல்லுதல் பெரும்பாலும் ஆடவர்க்கே உரியது. பிணம் எடுத்த பின் பெண்டிர் ஓரெல்லையோடு நின்றுவிடுவர். பால் தெளிக்கச் செல்வோரும் ஆடவரே. அன்றியும், இழவு வீட்டில் ஒவ்வொருவர் செயலும் உறவுமுறையால் வரையறுக்கப்பட்டது. பிறந்த வீட்டுக் கோடி இன்னார் போடுதல் வேண்டும், சம்பந்தி வீட்டுக் கோடி இன்னார் கொணர்தல் வேண்டும் என்னும் முறை உண்டு. நெசவும் பின்னலும் வாழ்வாகிய இவ்வட்டாரத்தில், இறந்தோர்மேற் போர்த்தப்படும் புதுத்துணி வெறுந்துணி அன்று, உறவின் அடையாளம். ஒப்பாரிப் பாடலும் அண்ணன், அப்பன், மாமன் என முறைப்பெயர் சொல்லியே தொடங்கும். முறைப்பெயர் இல்லாதவள் எதனைச் சொல்லி அழுவாள்?

நற்செய்தியில் உடலைக் கேட்டுப் பெற்று, புதுத் துணியிற் சுற்றி அடக்கியவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு என்னும் செல்வர். நிக்கதேம் என்பார் வெள்ளைப்போளமும் அகிலும் கலந்து நூறு இராத்தல் அளவு கொணர்ந்தார் என்பர் யோவான். இவ்விருவரும் உறவினர் அல்லர். கல்லறைக்குச் சென்ற மகதலா மரியாவும் உறவினர் அல்லர். இயேசுவின் தாயார் சிலுவையடியில் நின்றதை யோவான் கூறுகின்றார். கல்லறைக்குச் சென்றோர் பட்டியலில் அவர் பெயர் வெளிப்படையாக எந்நூலிலும் இல்லை. உறவின்மேல் எழாத இவ்வுரிமை யாது என்னும் வினா நம்மவர்க்கே கூர்மையாய் எழும். மேலை நாட்டு உரையாசிரியர் பலர் இதனை ஒரு வினாவாகக் கருதியதாகத் தெரியவில்லை.

கதைமரபுக்கு வருவோம். இறந்த கணவனுடலின் அருகே சென்ற பெண் என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருபவள் கண்ணகி. கொங்குக்கும் அவளுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கொங்கிளங்கோசர் தம் நாட்டகத்து அவளுக்கு விழவெடுத்தனர் எனச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும். ஊர்சூழ்வரியில், மாலைப் பொழுதில் வெட்டுண்டு கிடந்த கோவலனைக் கண்ணகி காண்கின்றாள், புலம்புகின்றாள், அவனைத் தழுவிக்கொள்கின்றாள். அப்பொழுது கோவலன் எழுந்து நின்று, அவள் முகம் வாடியதைச் சொல்லி, தன் கையாற் கண்ணீரைத் துடைக்கின்றான். அவள் அடிகளைப் பற்றுகின்றாள். அவனோ அவளை ஈங்கே இரு எனச் சொல்லி, உடலை நீத்து வானவரோடு செல்கின்றான். கண்டது மாயமோ, தெய்வமோ எனக் கண்ணகி திகைக்கின்றாள்.

யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை இதனோடு வைத்துப் படிப்போர் வியப்புறுவர். ஆங்கும் அழுதுநிற்கும் பெண்; ஆங்கும் இறந்தவர் எழுந்து பேசுகின்றார்; அழுகையைப் பற்றியே பேச்சுத் தொடங்குகின்றது; பற்றிக்கொள்ள முயலும் பெண்ணை விலக்கி, மேலே செல்வதைப் பற்றிக் கூறுகின்றார். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது எனக் கூறுதற்கு யாதோர் ஆதாரமும் இல்லை. அவ்வாறு கூறவும் துணியோம். இறந்தாரை மீண்டும் ஒருமுறை காணும் வேட்கை மக்கட்கெல்லாம் பொது. ஆயினும் இரு காட்சிகளும் முடியும் இடம் வேறு. கோவலன் கண்ணகியை இருக்கச் சொல்கின்றான். இயேசு மரியாவைப் போகச் சொல்கின்றார். போய்ச் சொல்லச் சொல்கின்றார்.

கொங்கு நாட்டுக்கே உரிய மற்றொரு கதை அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் தங்கை தங்காளும் அதன் தலைமக்கள். உடுக்கையடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் இக்கதையை, 1960-களின் இடைப்பகுதியிற் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் என்னும் கனடா நாட்டு மானிடவியலார் ஒலிப்பதிவு செய்தார். 1982-இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் இக்கதையை உலகறியச் செய்தது. அதற்கு முன்னரே 1971-இற் கவிஞர் சக்திக்கனல் இக்கதையின் ஏட்டுப் படி ஒன்றைப் பதிப்பித்திருந்தார். வடிவத்துக்கு வடிவம் செய்திகள் வேறுபடும். பொதுவாகக் கூறப்படுவது இது: போரின் இறுதியில் அண்ணன்மார் இருவரும் தம் வாள்மேல் தாமே வீழ்ந்து உயிர் விடுகின்றனர். தீக்குறி கண்ட தங்காள் காட்டுவழியே அவர்களைத் தேடிச் செல்கின்றாள். தவத்தில் இருந்த பெரியகாண்டி அம்மனின் அருளைப் பெற்று, படுகளத்திற் கிடந்த அண்ணன்மாரை எழுப்புகின்றாள். அவர்கள் எழுந்து தங்கையோடு சிறிது பொழுது பேசி, விதித்த நாள் முடிந்தது எனக் கூறி மீண்டும் மாய்கின்றனர்.

இக்கதை பாட்டோடு நின்றுவிடவில்லை. வீரப்பூரிலும் கொங்கின் வேறு பல ஊர்களிலும் படுகளம் என்னும் சடங்காக இது நிகழ்த்தப்படுகின்றது. பாட்டு அண்ணன்மார் மாயும் கட்டத்தை அடையும்பொழுது, அருள்வந்த ஆடவர் பலர் களத்தில் மாண்டார்போல வீழ்வர். அசைவற்றுக் கிடக்கும் அவர்களைத் தங்காளாக நிற்கும் பெண் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். நேரிற் கண்டோர் இதனை எளிதில் மறவார். கிடப்போரின் தாயரும் மனைவியரும் சூழ நின்று அழும் அழுகை நடிப்பன்று. எழுந்துவிடுவர் என்பது தெரிந்தும் அழுகின்றனர்.

இக்கதைகள் இரண்டிலும் பெண்ணின் ஆற்றலே எழுச்சிக்குக் காரணம் அல்லது வாயில். கண்ணகியின் கற்பும் தழுவலும் கோவலனை ஒருகணம் எழுப்புகின்றன. தங்காளின் தவமும் கையிலுள்ள நீரும் அண்ணன்மாரை எழுப்புகின்றன. மனைவி என்னும் உரிமையும் உடன்பிறந்தாள் என்னும் உரிமையும் அவ்வாற்றலின் வேர். எழுந்தவர் மீண்டும் மறைகின்றனர். பெண்ணின் துயர் முன்னிலும் மிகுகின்றது.

கல்லறைக்குச் சென்ற மகளிரிடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் கையில் இருந்தது எழுப்பும் நீரன்று. பிணத்துக்குப் பூசும் நறுமணப் பொருள். அதுவும் பயன்படவில்லை. அவர் செல்லுமுன்னரே நிகழ்வது நிகழ்ந்து முடிந்துவிட்டது. எழுந்த காட்சியைக் கண்டவர் என ஒருவரையும் எந்நூலும் கூறாதது கருதத்தக்கது. இம்மகளிர் உயிர்ப்பை உண்டாக்கியவர் அல்லர். உயிர்ப்பைக் கண்டவரும் அல்லர். உடல் இன்மையைக் கண்டு, பின்னர் உயிர்த்தவரைக் கண்டவர். எனவே அவர்க்குரிய பணி சான்று கூறுதல் ஒன்றே. ஆற்றலை எதிர்பார்த்துப் படிக்கும் கொங்கு வாசகருக்கு இஃது ஏமாற்றமாகக்கூடத் தோன்றலாம். கதையின் சுமை முழுவதும் அவ்வொரு பணியின்மேல் ஏற்றப்பட்டிருத்தலை அறிந்தபின் அவ்வேமாற்றம் நீங்கும்.

அச்சுமை எளியதன்று. அக்காலத்து யூதரிடையே பெண்டிர் சான்றுக்கு மதிப்புக் குறைவு. பெண்களின் சான்று ஏற்கப்படலாகாது என முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். லூக்காவின் நூலிலேயே, மகளிர் வந்து கூறியதைத் திருத்தூதர் நம்பவில்லை. அவர்க்கு அது பிதற்றலாகத் தோன்றியது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஆசிரியர் ஆள்கின்றார். எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர் இருவரும், பெண்கள் சொன்னபடியே கல்லறை இருந்ததைச் சிலர் சென்று கண்டனர், ஆனால் அவரைக் காணவில்லை என வழிப்போக்கரிடம் கூறுகின்றனர். பெண்களின் சொல்லை ஆடவர் சென்று சரிபார்த்த பின்னும் ஐயம் தீரவில்லை என்க. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சு என்னும் கிரேக்க அறிஞர், உயிர்ப்பு என்பது பித்துற்ற ஒரு பெண்ணின் பேச்சு என எள்ளினார். அவருக்கு ஓரிகன் ஏறத்தாழக் கி.பி. 248-இல் மறுப்பு எழுதினார்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. நற்செய்தி நூல்களுக்கு முன்னரே பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், உயிர்த்தவரைக் கண்டோர் பட்டியல் உளது. பேதுரு, பன்னிருவர், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, திருத்தூதர் அனைவர், இறுதியிற் பவுல் என அது செல்கின்றது. மகளிர் பெயர் ஒன்றும் இல்லை. அப்பட்டியல் வழங்கிய சமயத்தவர் நடுவிலேயே, பின்னர் எழுந்த நான்கு நூல்களும் மகளிரை முதலில் வைக்கின்றன. புனைந்து கூறுவோர் மதிப்பற்ற சான்றாளரைப் படைத்துக்கொள்ளார். ஆதலின் இச்செய்தி மெய்யே எனச் சில அறிஞர் வாதிடுவர். பிணத்தைப் பேணுதல் பெண்டிர் கடமையாய் இருந்த சமுதாயத்தில், கல்லறைக்குச் செல்வோராகப் பெண்டிரைக் கூறுதல் எவருக்கும் இயல்பாய்த் தோன்றும் என மறுப்போரும் உளர். இவ்வாதத்தால் மட்டும் வரலாற்றுண்மையை நிறுவ இயலாது என்றே யாம் கருதுகின்றோம். ஆயினும் பழைய மரபு ஒன்று பட்டியலால் அழிக்கப்படாது நின்றது என்பது தெளிவு.

சான்று என்னும் நோக்கிற் கண்ணகியை மீண்டும் நினைப்போம். அவளும் அவைமுன் சான்று கூறியவளே. பாண்டியன் முன் அவள் சொல்லை ஏற்கச் செய்தது சிலம்பினுள் இருந்த மாணிக்கம். உடைத்தவுடன் பரல் தெறித்தது, வழக்கு முடிந்தது. பின்னர் அவள் வானுலகு சென்றதைக் கண்ட குன்றக்குறவர் செங்குட்டுவனிடம் கூறியபொழுதும், உடனிருந்த சாத்தனார் மதுரையில் நிகழ்ந்ததை விளக்கி அதனை உறுதிப்படுத்தினார். மகதலா மரியாவின் கையிற் பரல் இல்லை. அவர் காட்டக்கூடியது ஒன்றே: பொருள் அற்ற வெற்றிடம். கல்லறையுட் கிடந்த துணிகள் இருந்தன. அவற்றையும் உட்சென்று கண்டு கூறுவோர் யோவான் நூலிற் பேதுருவும் மற்றச் சீடருமே.

உறவு இல்லாத உரிமை என்னும் வினாவுக்கு விடை தேடினால், தமிழ் மரபில் கண்ணகியையும் தங்காளையும் விட்டு வேறொருவரிடம் செல்லுதல் வேண்டும். கொங்கை அடுத்த தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபொழுது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள. ஔவையார் அவன் தாயல்லர், மனைவியல்லர், உடன்பிறந்தார் அல்லர். ஈமத்தீயைப் பற்றிப் பாடவும், நடுகல்லுக்குப் படைக்கும் சிறுகலக் கள்ளை நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் கொள்வானோ எனக் கேட்கவும் அவர்க்கு உரிமை தந்தது பாடலும் நட்பும். உறவுமுறை சொல்லாது அழும் பெண்ணுக்குத் தமிழ் இலக்கணம் இடமளித்துள்ளது. கையறுநிலை என அதற்குத் துறைப்பெயரும் தந்துள்ளது. மகதலா மரியாவை இத்துறையில் வைத்துப் பார்ப்பதே பொருத்தமாகும். அவர் உரிமை மாணவர் உரிமை.

யோவான் காட்டும் காட்சியில் இவ்வுண்மை ஒரு சொல்லால் வெளிப்படுகின்றது. எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என எண்ணிய மரியா, தம் பெயர் கூறி விளிக்கப்பட்டவுடன் அறிந்துகொண்டு, ரபூனி என்கின்றார். ஆசிரியரே என்பது அதன் பொருள். கிரேக்க மூலத்திலும் அவ்வரமேயச் சொல்லை ஆசிரியர் பெயர்க்காது வைத்துப் பொருளும் கூறியிருத்தலின், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறே செய்தனர். கல்லறை முன்னின்று ஒரு பெண் சொல்லும் விளி உறவுமுறைப் பெயராய் இல்லாமை ஈண்டு நோக்கத்தக்கது.

தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பற்றியும் சிறிது கூறுவோம். இலண்டன் மிசன் சங்கத்தார் 1830-இற் கோயமுத்தூரிற் பணி தொடங்கினர். கத்தோலிக்கர் பணி அதற்கும் முந்தியது. கொங்கு மக்கள் நற்செய்தியைக் கேட்டது தமிழ் வடிவங்களிலேயே. பவர் தலைமையிலான குழுவினர் திருத்தியமைத்து 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே சீர்திருத்தச் சபையாரிடம் இன்றும் பெருவழக்கிற்று. கிரேக்கத்திற் கூரியோசு என்னும் ஒரே சொல் தலைவனையும் குறிக்கும், வழியிற் காண்பவரை மதித்து அழைக்கவும் ஆகும். மரியா இறந்த தம் தலைவரைக் குறிக்கவும் அச்சொல்லையே ஆள்கின்றார். தோட்டக்காரர் என எண்ணியவரை விளிக்கவும் அதனையே ஆள்கின்றார். அறியாமலே சரியான பெயரால் அழைத்துவிட்டார் என்னும் நயம் மூலத்தில் உளது. மேற்கூறிய மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் ஆண்டவர் என்றும், ஓரிடத்தில் ஐயா என்றும், மற்றோரிடத்தில் கர்த்தர் என்றும் பிரித்துக் கூறுகின்றது. தமிழ் வழக்கு நோக்க இது தவறன்று. எனினும் அந்நயம் மறைந்துவிட்டது. ஐயா என்பதனையே மூன்றிடத்தும் வைத்திருந்தால் எவ்வாறிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

அம்மொழிபெயர்ப்பில் மரியா என்றாள், போனாள் என ஆள் விகுதியாற் கூறப்படுகின்றார். பேதுருவும் ஆன் விகுதியாலேயே கூறப்படுதலின் இதனைப் பெண்ணுக்கு மட்டும் நேர்ந்த குறை எனல் பொருந்தாது. அக்காலத்து உரைநடை வழக்கு அது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ஆர் விகுதியை இருவர்க்கும் அளிக்கின்றது. மூலத்தில் பெண்ணே என்னும் பொருள்பட நிற்கும் விளியை அது அம்மா எனப் பெயர்க்கின்றது. மூலத்தில் இல்லாத உறவுச்சொல் ஒன்று தமிழ் மரியாதையின் வாயிலாக உட்புகுந்துவிட்டது. தமிழ்ப் பேச்சு முறைப்பெயரின்றி ஒருவரையும் அழைக்க விரும்பாது என்பதற்கு இஃதொரு சான்று.

இவ்விருப்பமே தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் போக்கையும் ஒருவாறு வகுத்தது எனலாம். வீரமாமுனிவர் அன்னை அழுங்கல் அந்தாதி பாடினார். ஈழத்தில் யாக்கோமே கொன்சால்வேசு அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் பெரிய வெள்ளியை ஒட்டிய நாட்களில் இசையோடு படிக்கப்பட்டு வந்தது. மகனை இழந்த தாயின் புலம்பல் தமிழ் உள்ளத்தை எளிதிற் பற்றியது. ஒப்பாரி மரபு அதற்கு ஆயத்தமாய் இருந்தது. உயிர்த்த இயேசு தம் தாய்க்கே முதலிற் காட்சியளித்தார் என இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி நூலிற் கூறப்பட்டிருத்தலும், அவர் நிறுவிய சபையைச் சார்ந்தவரே வீரமாமுனிவர் என்பதும் நினைக்கத்தக்கவை. நற்செய்தி நூல்களில் அக்காட்சி இல்லை. தாய்க்குக் கிடைத்த பாடலில் ஒரு பங்கேனும் மாணவியாகிய மகதலா மரியாவுக்குக் கிடைத்ததாகக் கூற இயலாது.

மாற்கின் நூல் முடியும் இடம் இன்னும் கடுமையானது. சைனாய், வத்திக்கான் என்னும் நான்காம் நூற்றாண்டுச் சுவடிகள் இரண்டிலும் அந்நூல் பதினாறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகின்றது. மகளிர் நடுக்கமுற்று ஓடினர். அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதே ஆங்கு இறுதிச் செய்தி. பிற்பட்ட சுவடிகளிற் காணும் எஞ்சிய வசனங்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பது பெரும்பாலான அறிஞர் முடிபு. சொல்லவில்லை எனின் நூலாசிரியர் எவ்வாறு அறிந்தார் என்னும் வினா அன்றுதொட்டு இன்றுவரை கேட்கப்படுகின்றது.

யோவான் நூலில் மரியா சொல்கின்றார். சீடரிடம் சென்று தாம் கண்டதையும் கேட்டதையும் அறிவித்தார் என அவ்வாசிரியர் தெளிவாகக் கூறுகின்றார். கேட்டவர் நம்பினரா என்பதனை அவர் கூறவில்லை. அடுத்த வசனத்தில் அந்நாள் மாலையாகின்றது. சீடர் இருந்த வீட்டின் கதவுகள் அச்சத்தால் அடைக்கப்பட்டிருக்கின்றன.